மணிக்கட்டை விட்டால் வாட்சுக்கு வேறு இடமில்லையா?

கேள்வி: "அண்ணாச்சி, நான் பாளையில நர்சா இருக்கேன். தாத்தாவோட பழைய எச்.எம்.டி. ஜனதா சாவி வாட்ச் ஒண்ணும், என்னோட சின்ன குவார்ட்ஸ் வாட்ச் ஒண்ணும் வீட்டுல இருக்கு. வார்டுல கையில எதுவும் கட்டக் கூடாதுங்காங்க. லீவு நாள்ல கட்டினாலும் பட்டை பட்ட இடம் அரிக்கி. அம்மா முக்கூடல்ல பீடி சுத்துதா, அவளுக்கும் கையில கட்டினா இடைஞ்சல். தம்பி தாத்தா வாட்சை வேட்டியில சொருகப் போறேங்கான். அண்ணன் துபாயில இருக்கான், அந்த நேரமும் ஒரு பார்வையில தெரிஞ்சா நல்லது. மணிக்கட்டை விட்டு வேற எப்படியெல்லாம் வாட்ச் போடலாம்? பாக்கவும் லட்சணமா இருக்கணும்."

தங்கச்சி, இடம் நிறைய இருக்கிறது. வாட்ச் மணிக்கட்டுக்கு வந்து சேர்ந்ததே பிந்தித்தான். பிரேசில் நாட்டு விமானி சாந்தோஸ் துமோனுக்குப் பறக்கும்போது பைக்குள் கைவிட்டு வாட்சை எடுக்கத் தோதுப்படவில்லை. அவருக்காகப் பாரிஸ் நகைக்காரர் லூயி கார்த்தியே 1904இல் கையில் கட்டும் வாட்ச் ஒன்றைச் செய்து கொடுத்தார். முதல் உலகப் போரில் சிப்பாய்கள் கட்டிப் பழகிய பிறகுதான் ஆண்களிடையே அது பரவியது. அதற்கு முன்னால் வாட்ச் இருந்தது பையிலும் இடுப்பிலும் மார்பிலும்தான். காந்தி வேட்டி இடுப்பில் பாக்கெட் வாட்ச் தொங்கவிட்டிருப்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். உங்கள் தம்பி கேட்பது அந்தப் பழைய வழியைத்தான்.

எந்த இடத்தில் போட்டாலும் கோளாறு மூன்று வகையில்தான் வரும். டயல் தலைகீழாகத் தெரியும். அல்லது ஊக்கோ பின்னோ விட்டுக் கீழே விழும். அல்லது அந்த இடத்து வேர்வை, தூசி, காந்தம் மெஷினைப் பிடிக்கும். அழகை எப்படி வேண்டுமானாலும் கூட்டிக்கொள்ளலாம். இந்த மூன்றையும் முதலில் அடைத்துவிட வேண்டும்.

உங்கள் சோலியிலிருந்தே தொடங்குவோம். கையைத் தேய்த்துக் கழுவும்போது பட்டைக்கு அடியில் இருக்கும் தோலுக்குச் சோப்பு போகாது, அங்கே கிருமி தங்கும். முழங்கைக்குக் கீழே எதுவும் கூடாது என்பது அதனால்தான். நர்ஸ்களுக்கென்றே விற்கும் வாட்சில் டயல் தலைகீழாக இருக்கும். உங்கள் குவார்ட்ஸ் வாட்சையே அப்படி ஆக்கிவிடலாம். பட்டை இரண்டையும் கழற்றிவிட்டு, 6 என்ற எண் இருக்கும் பக்கத்திலிருந்து தொங்கவிட வேண்டும், அவ்வளவுதான். அப்போது 12 தரையைப் பார்க்கும். நீங்கள் குனிந்து, வாட்சின் அடியை விரலால் நிமிர்த்தினால் 12 உங்களுக்கு மேலே வந்து நேராகத் தெரியும். பலர் 12 பக்கத்திலிருந்து தொங்கவிட்டுவிட்டு, எதிரே நிற்பவருக்கு மட்டும் மணி காட்டிக்கொண்டிருப்பார்கள்.

தொங்கவிடக் கயிறோ மெல்லிய செயினோ வேண்டாம். ஒற்றைக் கயிற்றில் வாட்ச் சுழன்று, பார்க்கும்போதெல்லாம் முதுகைத்தான் காட்டும். பட்டை மாட்டும் இரண்டு காதுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை ஸ்கேல் வைத்து அளந்து, அதே அகலத்தில் நைலான் நாடா வாங்குங்கள். பெண்கள் வாட்சில் இது பெரும்பாலும் 12 அல்லது 14 மி.மீ. இருக்கும். நாடா 13 செ.மீ. நீளம் போதும். வெட்டிய முனைகளைத் தீக்குச்சிச் சுடரில் ஒரு கணம் காட்டினால் இழை பிரியாது. 6 பக்கத்து ஸ்பிரிங் பின்னை, அதாவது பட்டையைப் பிடித்திருந்த சிறு கம்பியை, சுற்றி நாடாவை மடித்து, பின்னிலிருந்து 3 மி.மீ. தள்ளி நெருக்கமாகத் தைக்க வேண்டும். தையல் தள்ளிப்போனால் வாட்ச் ஆடிப் புரளும். மேல் முனையில் 4 செ.மீ. ஊக்கு ஒன்று நுழையும்படி வளையம் விட்டுத் தைத்தால் 5, 6 செ.மீ. தொங்கலுக்கு வந்துவிடும். அதைவிட நீளம் ஆகாது; நோயாளியின் மேல் குனியும்போது கட்டில் கம்பியில் போய் இடிக்கும். 12 பக்கத்தில் வெறும் பின் மட்டும் இருந்தால் நூலில் சிக்கும், அதையும் எடுத்துவிடுங்கள்.

ஊக்கைப் படுக்கை வசத்தில் குத்த வேண்டும். அப்போது பாரம் இரண்டு முனைக்கும் பிரியும். செங்குத்தாகக் குத்தினால் துணி ஒரே புள்ளியில் இழுபட்டுக் கிழியும், ஊக்கும் திறந்துகொள்ளும். யூனிபார்ம் துணி மெல்லியதாக இருந்தால் உள்பக்கம் 2 செ.மீ. சதுரத்தில் ஒரு காடாத் துண்டை வைத்து, அதையும் சேர்த்துக் குத்துங்கள். ஊக்குக்குப் பதில் காந்த பட்டன் வாங்க நினைத்தால் வேண்டாம், காரணம் கீழே வரும். நாடி பார்க்க வினாடி முள் கட்டாயம் இருக்க வேண்டும். தாத்தாவின் ஜனதாவை வார்டுக்குக் கொண்டுபோக வேண்டாம். அதன் கண்ணாடி அக்ரிலிக். ஸ்பிரிட் வைத்துத் துடைத்துத் துடைத்து அதில் மயிரிழை வெடிப்பு விழுந்து மங்கிப்போகும். குவார்ட்ஸ் வாட்சில் பெரும்பாலும் உண்மையான கண்ணாடிதான், துடைக்கலாம்.

அம்மாவுக்கும் இதே ஏற்பாடுதான், இடம் மட்டும் மாறும். மடியில் பீடித்தட்டு இருப்பதால் இடுப்பில் மாட்டினால் தட்டு மறைத்துக்கொள்ளும். முந்தியைக் குத்தும் தோளிலேயே மாட்டினால் தாடைக்குக் கிட்டே போய்விடும், கண்ணுக்குப் பிடிபடாது. தோளிலிருந்து 8 முதல் 10 செ.மீ. இறக்கி, முந்தியையும் ஜாக்கெட்டையும் சேர்த்துக் குத்தினால் சரியாக இருக்கும். முந்தியில் மட்டும் குத்தினால் சேலை சரியும்போது வாட்சும் கூடவே போகும். புகையிலைத் தூசிதான் அங்கே எதிரி, அது சாவித்திருகின் இடுக்கு வழியாக உள்ளே போகும். சாவியே இல்லாத டிஜிட்டல் வாட்ச் நல்லது. கேசியோ எஃப்-91டபிள்யூ பட்டையோடு சேர்த்தே 21 கிராம்தான், சேலைக்குப் பாரமே தெரியாது. அதன் பட்டை பொருந்தும் இடம் தனி வடிவம் என்றாலும் 18 மி.மீ. நைலான் நாடா நுழையும்.

கல்லிடைக்குறிச்சிப் பக்கம் அப்பளம் இடுகிறவர்கள், சமையற்கட்டிலேயே பொழுது போகிறவர்கள் போல நின்று நடந்து வேலை செய்யும் பெண்களுக்கு நம் ஊரில் ஏற்கெனவே ஒரு நல்ல நகை இருக்கிறது. அது இடுப்புச் சாவிக்கொத்து. சேலைக் கொசுவத்துக்குப் பக்கத்தில் செருகும் அந்த வெள்ளிக் கொக்கியிலிருந்து 8 செ.மீ. தொங்கலில், 6 பக்கம் மேலே இருக்கும்படி வாட்சை மாட்டினால், மாவுக்கை படாமல் ஒரு விரலால் நிமிர்த்திப் பார்த்துக்கொள்ளலாம். கல்யாண வீட்டில் பட்டுச்சேலைக்கு இதைவிடப் பொருத்தமாக ஒரு வாட்ச் அணிய முடியாது என்பது என் எண்ணம். ஒட்டியாணத்தில் தொங்கவிடுவதைவிட இது மேல். ஒட்டியாணம் உட்காரும்போது மடங்கி வாட்சை வயிற்றில் அழுத்தும். ஆனால் சாவியையும் வாட்சையும் ஒரே வளையத்தில் கோக்காதீர்கள். சாவி உரசி உரசிக் கண்ணாடி மங்கும். கொக்கியில் இரண்டு வளையம் போட்டு, வாட்சை முன்னாலும் சாவியைப் பின்னாலும் விடுங்கள்.

கழுத்துச் செயினில் பதக்கம் போலப் போட ஆசைப்படுகிறவர்கள் நீளத்தில்தான் தவறுவார்கள். 60 செ.மீ. செயினில் வாட்ச் நெஞ்சுக்கூட்டில் நிற்கும். அதைக் கண்ணுக்கு எதிரே தூக்க முடியாது. 75 முதல் 80 செ.மீ. இருந்தால் எடுத்து வசதியாகப் பார்க்கலாம். தாலிச் செயினில் ஒருபோதும் கோக்க வேண்டாம். எஃகு, 22 காரட் தங்கத்தைவிட வெகு கடினம். தினமும் உரசினால் தங்கம் தேய்ந்து, வளையம் மெலிந்து, ஒருநாள் அறும். வெள்ளியோ எஃகுச் செயினோ தனியாகப் போடுங்கள். இன்னொன்றும் கட்டாயம் கவனிக்க வேண்டும். தையல் மிஷின், விசைத்தறி, கிரைண்டர், மோட்டார் பெல்ட், இவற்றின் பக்கத்தில் கழுத்தில் எதையும் தொங்கவிடக் கூடாது. சுற்றும் தண்டு இழுத்தால் செயின் அறுவதற்கு முன்னால் கழுத்து போய்விடும். அடையாள அட்டை நாடாவில் பிடரிப் பக்கம் இழுத்தால் கழன்றுவிடும் பிளாஸ்டிக் கிளிப் இருக்குமே, அதை வைத்துத் தைத்த நாடாவானால் ஓரளவு பாதுகாப்பு. சின்னப் பிள்ளைகளுக்கு அதுகூட வேண்டாம்.

இனி தம்பியின் வேட்டி. சும்மா மடிப்பில் செருகினால் பஸ்ஸில் ஏறும்போதோ தேர் வடம் பிடிக்கும்போதோ எப்போது நழுவியது என்று தெரியாது. வேட்டிக்கு மேல் கட்டும் பச்சை பெல்ட்டின் பைதான் சரியான இடம். திருச்செந்தூர் சன்னதியில் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும், அங்கே சட்டைப்பை வாட்ச் பயன்படாது, பெல்ட் பை பயன்படும். ஜனதாவின் பட்டை இரண்டையும் கழற்றி, 12 பக்கத்துப் பின்னில் காதின் அகலத்துக்கு மெல்லிய ஆட்டுத்தோல் நாடா ஒன்றை 7 செ.மீ. நீளத்துக்கு மடித்துத் தையுங்கள். அதன் நுனியில் ஒரு வளையம், வளையத்திலிருந்து 25 செ.மீ. செயின், செயினின் மறுமுனையில் பெல்ட் ஓரத்தைக் கவ்வும் கொக்கி. நர்ஸ் வாட்சுக்கு 6 பக்கம் என்று சொல்லிவிட்டு இங்கே 12 பக்கம் என்கிறேனே என்று குழம்ப வேண்டாம். தொங்கியபடியே நிமிர்த்திப் பார்ப்பதற்கு 6 பக்கம். பையிலிருந்து வெளியே எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பதற்கு 12 பக்கம். அப்போது நாடா மேலே விழும், மணி நேராகத் தெரியும். பைக்குள் போகும்போது கண்ணாடி உடம்புப் பக்கம் இருக்கட்டும். வெளியே இருந்தால் முதல் இடியிலேயே கீறும். அக்ரிலிக்கில் விழும் லேசான கீறலைப் பாலிஷ் போட்டு எடுத்துவிடலாம் என்பது ஒரு ஆறுதல்.

அடிவயிற்று வேர்வை லேசுப்பட்டதில்லை. பழைய ஜனதாவில் தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையம் இருந்தாலும் வயசாகி இறுகிப்போயிருக்கும். அதனால் பெல்ட் பைக்குள் அப்படியே போடாமல், பருத்தித் துணியில் தைத்த சிறு உறையில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். உறையை இரண்டு நாளைக்கு ஒருமுறை துவைத்துக் காயவைக்கலாம். கண்ணாடிக்குள் ஆவி பிடித்தால் வெயிலில் காயவைக்கக் கூடாது. உள்ளே இருக்கும் ஈரம் எஃகுத் தண்டிலும் ஸ்பிரிங்கிலும் துருவாகிவிடும். அன்றே பின்மூடியைத் திறக்கச் சொல்லிக் கடையில் கொடுங்கள்.

சாவி வாட்சுக்கு இடம் மாறினால் ஓட்டமும் மாறும். இதைப் பலர் அறியாமல், வாட்ச் கெட்டுவிட்டது என்று மூலையில் போட்டுவிடுகிறார்கள். உள்ளே இருக்கும் பேலன்ஸ் சக்கரம் டயல் வானத்தைப் பார்க்கும்போது ஒரு விதமாகவும், செங்குத்தாக நிற்கும்போது வேறு விதமாகவும் உராயும். கையில் கட்டியபோது சரியாக ஓடிய வாட்ச், பையில் நின்றபடியே இருந்தால் ஒரு நாளைக்குச் சில வினாடி முதல் அரை நிமிஷம் வரை முன்பின் ஆகலாம். சரிபார்க்கக் கொடுக்கும்போது "பகல் முழுக்கச் செங்குத்தாகத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டால், தெரிந்த கைக்காரர் அந்த நிலையிலேயே வைத்து ஓட்டத்தைத் திருத்துவார். இரவில் மேஜையில் படுக்க வையுங்கள். ஆணியில் தொங்கவிடாதீர்கள், பேலன்ஸ் சக்கரத்தின் ஆட்டத்தோடு சேர்ந்து வாட்சே மெல்ல ஊசலாடத் தொடங்கி, ஓட்டம் பிசகும். தினமும் காலையில் ஒரே நேரத்தில் சாவி கொடுக்க வேண்டும். 25, 30 சுற்றில் இறுகி நிற்கும், அதற்கு மேல் திருகக் கூடாது. ஒரு முறை கொடுத்தால் ஏறக்குறைய ஒன்றரை நாள் ஓடும். 1961இல் ஜப்பானின் சிட்டிசன் துணையோடு பெங்களூரில் தொடங்கிய எச்.எம்.டி. வாட்ச் தொழிலை மூட 2016இல் அரசு முடிவெடுத்துவிட்டது. புதுச் சாமான் கிடைப்பது அரிது, சாவியை முறுக்கி உடைத்துவிட வேண்டாம்.

ஆட்டோமேட்டிக் வாட்ச் எதையும் பையிலோ செயினிலோ இடுப்பிலோ போடாதீர்கள். கை வீசுவதில்தான் அதன் எடைச்சக்கரம் சுற்றி ஸ்பிரிங்கை முறுக்கும். பையில் கிடந்தால் பட்டினி கிடந்து நின்றுவிடும். பைக்கும் தொங்கலுக்கும் ஏற்றது சாவி வாட்சும் பேட்டரி செல்லில் ஓடும் குவார்ட்ஸ், டிஜிட்டல் வாட்சும்தான்.

சட்டைப்பையில் போடுவதானால் பொத்தான் துளையில் மாட்டும் குறுக்குக்கம்பி வைத்த செயின் வேண்டும். இரண்டாவது பொத்தான் துளையிலிருந்து பை வரை 25 செ.மீ. போதும். வெள்ளைச் சட்டையில் அந்தச் செயின் வளைவு அழகாகத்தான் இருக்கும். ஆனால் கனமான பாக்கெட் வாட்ச் மல் துணிப் பையைத் தொய்யவைத்துவிடும். ஜனதா மாதிரி மெல்லிய வாட்சென்றால் சரி.

அதே பையில் செல்போன் இருக்கவே கூடாது. காந்தச் சங்கதி இதுதான். போன் ஸ்பீக்கர், மூடிவைக்கும் போன் உறை, கைப்பையின் காந்த பட்டன், சேலைக்கு வரும் காந்தப் பின், எல்லாவற்றிலும் வலுவான காந்தம் இருக்கிறது. குவார்ட்ஸ் வாட்சின் மோட்டாரே ஒரு குட்டிக் காந்தத்தால்தான் சுற்றுகிறது. வலுவான காந்தம் பக்கத்தில் வந்தால் முள் அப்படியே நின்றுவிடும். விலகினால் மறுபடி ஓடும், ஆனால் நின்ற நேரம் போனதுதான். வாட்சின் பேட்டரி செல்லை மாற்றி மாற்றிப் பார்த்தும் நேரம் தவறுகிறது என்றால் முதலில் கைப்பையைச் சந்தேகப்படுங்கள். சாவி வாட்சில் மெல்லிய சுருள்கம்பி காந்தமேறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், வாட்ச் ஒரு நாளைக்குப் பல நிமிஷம் முந்தும். திசைகாட்டியைக் கிட்டே கொண்டுபோனால் ஊசி துள்ளும். கடையில் காந்தம் இறக்கும் கருவியில் சில வினாடி வேலைதான். டிஜிட்டல் வாட்சில் முள்ளோ மோட்டாரோ இல்லாததால் இந்தத் தொல்லை கிடையாது.

கையிலேயே, ஆனால் வழக்கத்துக்கு மாறாக, என்றால் சுருக்கமாகச் சொல்கிறேன். உள்மணிக்கட்டில் கட்டுவது நம் ஊர்ப் பெண்களுக்குப் பழக்கம்தான். பட்டையை மாற்ற வேண்டாம், கட்டிய வாட்சை அப்படியே சுற்றி உள்பக்கம் கொண்டுவந்தால் டயல் நேராகவே இருக்கும். மேஜையில் எழுதுகிறவர்களுக்கு மட்டும் கண்ணாடி தேயும். கார், வேன் ஓட்டுகிறவர்கள் சின்ன டயல் வாட்சைப் பெருவிரல் பக்கத்து ஓரத்தில் இறுக்கிக் கட்டினால் ஸ்டீயரிங்கிலிருந்து கையெடுக்காமல் மணி பார்க்கலாம். பைக் ஓட்டுகிறவர்களுக்கு வழக்கமான இடமே மேல். சட்டைக் கைக்கு மேலே கட்டுவது இத்தாலியின் ஃபியட் அதிபர் ஜானி அன்யெல்லியின் பாணி. நிலவில் இறங்கிய அப்போலோ விண்வெளி வீரர்களும் உடைக்கு மேலேதான், நீளமான ஒட்டுப்பட்டையில் ஒமேகா வாட்ச் கட்டியிருந்தார்கள். தூத்துக்குடி உப்பளத்தில் முழுக்கைச் சட்டையோடு நிற்கிறவர்களுக்கு அந்த வழி மிகவும் ஏற்றது. வாட்சுக்கும் தோலுக்கும் நடுவே துணி இருப்பதால் உப்பு வேர்வை அரிக்காது. மணிக்கட்டுச் சுற்றளவைவிட 4, 5 செ.மீ. கூடுதலாக ஒட்டுப்பட்டை எடுங்கள். உப்புக்காற்றில் குரோம் முலாம் பூசிய பித்தளை வாட்ச் சீக்கிரம் பொரிந்து உதிரும். பின்மூடியில் மட்டும் எஃகு என்று போட்டிருந்தால் மேல்கூடு முலாம்தான் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வங்கி என்னும் தோள்நகை போல மேற்கையில் கட்ட எலாஸ்டிக் நாடா போதும். கைச் சுற்றளவில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்து வெட்டுங்கள், 28 செ.மீ. கைக்கு 25 செ.மீ. அதற்கு மேல் இறுக்கினால் கை மரத்துப்போகும். பார்க்க அழகுதான், மணி பார்க்கத் தோள்பட்டையைத் திருப்ப வேண்டும். தசரா வேஷத்துக்குச் சரி, தினப்படிக்குச் சரிவராது. கண்ணாடி வளையலோடு வாட்ச் கட்டுகிறவர்கள் வாட்சை முழங்கைப் பக்கமும் வளையலை விரல் பக்கமும் விட்டு, நடுவே ஒரு துணிக்கயிற்றுக் காப்பு போட்டுக்கொள்ளுங்கள். வாட்சை வளையல்களுக்கு நடுவே விட்டால் இரண்டும் ஒன்றையொன்று தின்னும். தங்க வளையலென்றால் வாட்ச் மறு கைக்குத்தான் போக வேண்டும்.

உங்கள் அரிப்பைப் பற்றி. அது எங்கே வருகிறது என்று பாருங்கள். பக்கிள் பட்ட இடத்திலும் பின்மூடி பட்ட வட்டத்திலும் மட்டும் என்றால் உலோகத்தில் கலந்த நிக்கல்தான் காரணமாக இருக்கும். பட்டை முழுக்க என்றால் அடியில் தங்கிய வேர்வையும் சோப்பும். நீர் கசிந்தால் தோல் டாக்டரிடம் போய்விடுங்கள். நிக்கல்தான் என்றால் உலோகம் எதுவும் தோலில் படாமல் அடியில் ஒரு அகலக் காப்பு வைத்துக் கட்டலாம். லட்சணமாகவும் வேண்டும் என்று கேட்டீர்களே, அதற்குப் பத்தமடைப் பாயைவிட நல்ல பொருள் நம் பக்கத்தில் எது?

முழுப் பாய் வேண்டாம். மெல்லிய கோரையில் நெய்த பட்டுப்பாய் வகையில் பை, மேஜை விரிப்பு என்று சிறு சாமான்கள் கிடைக்கும், அதில் ஒரு துண்டு போதும். பாயில் நீளவாக்கில் ஓடுவது பாவு நூல், குறுக்கே கிடப்பது கோரை. காப்பு வெட்டும்போது பாவு நூல் கையைச் சுற்றி வர வேண்டும், கோரை முன்கையின் நீளவாக்கில் கிடக்க வேண்டும். அப்படி இருந்தால் கோரைக்கும் கோரைக்கும் நடுவே மடங்கும். மாற்றி வெட்டினால் கோரையே மடிந்து ஒரு வாரத்தில் முறியும். வெட்டப்போகும் கோட்டின் மேல் ஒட்டுப்பசையை மெல்லத் தடவி, ஒரு இரவு காயவிட்டு, பிறகு வெட்டுங்கள். பச்சையாக வெட்டினால் ஓரம் பிரிந்துகொண்டே போகும்.

அளவு: மணிக்கட்டுச் சுற்றளவைவிட 1 செ.மீ. குறைவான நீளம். பாய்த் துண்டு 3.6 செ.மீ. அகலம், அடியில் வைக்கும் ஆட்டுத்தோல் 1 மி.மீ. கனத்தில் 4.4 செ.மீ. அகலம். தோல் இரண்டு பக்கமும் 4 மி.மீ. வெளியே நிற்பதால் கோரை முனை தோலைக் குத்தாது. பாயின் மேல் ஓரங்களில் மெல்லிய துணி நாடாவைப் போர்த்தி, அதன் மேல் தையுங்கள். தையல் நீளம் 3 முதல் 4 மி.மீ. இருக்கட்டும். நெருக்கிப் பொடித்தையல் போட்டால் ஊசித்துளைகளே கோரையை வெட்டிவிடும். வாட்சுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாக இரண்டு தோல் வளையம் தைத்து, அவற்றின் வழியே மெல்லிய பட்டை ஓட வேண்டும். வாட்சின் சொந்தப் பட்டைதான் காப்பையும் சேர்த்துக் கட்டும், காப்புக்குத் தனிப் பக்கிள் தேவையில்லை. வாட்சும் பக்கிளும் காப்பின் மேலேயே உட்கார்ந்திருக்கும், தோலில் படாது. நனைந்தால் பாய் பூஞ்சணம் பிடிக்கும். மழைக்காலத்துக்கும் குற்றாலத்துக்கும் இது ஆகாது.

மழைக்காலத்துக்கு வீரவநல்லூர், சங்கரன்கோவில் பக்கத்துக் கைத்தறிச் சேலையின் பழைய கரை இருக்கிறது. துவைத்துக் காயப்போட்டால் தீர்ந்தது. காது இடைவெளி 18 மி.மீ. என்றால் 40 மி.மீ. அகலம், 27 செ.மீ. நீளம் வெட்டி, இரு ஓரமும் நடுவில் 4 மி.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி மடித்து, உள்ளே 16 மி.மீ. பருத்தி நாடா வைத்துத் தையுங்கள். மொத்தக் கனம் 1.5 மி.மீ.க்குள் இருந்தால்தான் பின்னுக்கும் கூட்டுக்கும் நடுவே நுழையும். துளை போடாதீர்கள், கைத்தறி இழை பையப் பைய விட்டுப்போகும். பை தைக்கும் கடையில் கிடைக்கும் 18 மி.மீ. டி-வளையம் இரண்டை முனையில் கோத்து, பட்டையை இரண்டுக்கும் நடுவே இழுத்து மடக்கினால் எந்த அளவுக்கும் இறுகும். வளையத்துக்கு அடியில் 2 செ.மீ. துணி நாக்கு விட்டுத் தைத்தால் அந்த உலோகமும் தோலில் படாது. ஜரிகைக் கரை வேண்டாம், கம்பி விட்டுப்போனால் குத்தும்.

இந்தப் பட்டை ஒரே துண்டாக வாட்சின் முதுகுக்கு அடியில் ஓடுவதால் ஒரு பெரிய நன்மை உண்டு. ஒரு பின் கழன்றாலும் மறு பின்னில் வாட்ச் தொங்கும், விழாது. பின்னைப் போட்டதும் பட்டையை நன்றாக ஒருமுறை சுண்டி இழுத்துப் பாருங்கள். ஒரு முனை துளைக்குள் விழாமல் ஓரத்தில் நின்றிருந்தால் அப்போதே வந்துவிடும், அருவிக்கரையில் வராது. வாட்சு எவ்வளவு தண்ணீர் அழுத்தம் தாங்கும் என்பதை ஏ.டி.எம். என்ற அளவில் போட்டிருப்பார்கள். குற்றாலத்தில் 3 ஏ.டி.எம். என்று போட்ட வாட்சோடு அருவிக்குள் போகக் கூடாது, அது கை கழுவும் தெறிப்புக்கு மட்டும்தான். 10 ஏ.டி.எம். வாட்சானாலும் செல் மாற்றும்போது ரப்பர் வளையத்தையும் மாற்றியிருந்தால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு.

கடைசியாக அண்ணனின் நேரம். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால், சவூதி இரண்டரை மணி நேரம் பின்னால். ஒரே பட்டையில் இரண்டு வாட்ச் கோத்துவிடுங்கள். இப்போது சொன்ன ஒற்றைப் பட்டையில் பின்கள் கழலாமலே வாட்ச் முன்பின் நகரும். மேல்மணிக்கட்டில் நம் நேரம், உள்மணிக்கட்டில் துபாய் நேரம். இரண்டும் ஒரே காது அகலமாக, டயல் 30 மி.மீ.க்கு மிகாமல் இருக்க வேண்டும். பெரிய டயலானால் கை மடங்கும்போது இடிக்கும். ஆண்டு முழுக்கத் துபாயில் நேரத்தை முன்பின் மாற்றுவதில்லை என்பதால் ஒருமுறை வைத்தால் போதும். வார்டில் மார்பில் தொங்கும் வாட்சுக்கு இது முடியாது. ஆனால் அதில் வேறொரு விசேஷம் இருக்கிறது. நம் நேரம் கிரீன்விச் நேரத்தைவிட ஐந்தரை மணி முன்னால். முள் வாட்சைத் தலைகீழாகப் பார்த்தால் கிரீன்விச் நேரம் தெரியும். நமக்கு 2 மணி என்றால் தலைகீழாக மணி முள் 8இலும் நிமிட முள் 6இலும் நிற்கும், அங்கே 8:30. மணி முள் மட்டும் அரை இடம் பிந்தி நிற்பதைக் கண்டுகொள்ள வேண்டாம். 6 பக்கத்திலிருந்து தொங்கும் உங்கள் வாட்சை எதிரே நிற்கிறவர் நிமிர்த்தாமல் பார்த்தால், குளிர்காலத்தில் அவர் படிப்பது லண்டன் நேரம்தான்.